பதினான்கு நாள், பதிமூவாயிரம் சொல்

அமெரிக்காவிலிருந்து ஒருமுறை வெளியேற்றப்பட்டவர் அந்நாட்டு அரசின் ஒப்புதல் இல்லாமல் மறுபடி உள்ளே வருவது அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் எட்டாம் தலைப்பில் 1326ஆம் பிரிவு அதற்கானது. அடிப்படை உச்சத் தண்டனை 2 ஆண்டு. வெளியேற்றத்துக்கு முன்பே ஒரு பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்றால் உச்சம் 10 ஆண்டு. ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்று குடியேற்றச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் குற்றங்களில் ஒன்று என்றால் 20 ஆண்டு. டெக்சாஸ் எல்லையோர ஃபெடரல் நீதிமன்றங்களில் இது அன்றாட வழக்கு. குற்றத்தை மறுக்கப் பெரும்பாலும் வழியிருப்பதில்லை. கைரேகை, பழைய வெளியேற்ற ஆணை, ஆள் பிடிபட்ட இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வழக்கு முடிந்தது. ஆகவே மொத்தக் கனமும் ஒரே கேள்வியில் வந்து இறங்குகிறது: எத்தனை மாதம்?

விதிக்கப்பட்ட மாதக் கணக்கு நியாயமற்றது என்று மேல்நீதிமன்றத்தில் வாதிடும் வேலை எந்த வரிசையில், எந்தக் கருவிகளால் நடக்கிறது என்று இங்கே தொடர்ந்து பார்க்கலாம். டெக்சாஸ், லூயிசியானா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்களுக்கு மேல்முறையீட்டு மன்றமாக நியூ ஆர்லியன்ஸில் அமர்ந்திருக்கும் ஐந்தாம் சர்க்யூட் நீதிமன்றத்தின் நடைமுறையே இங்கு பின்பற்றப்படுகிறது.

‘நியாயமானதா’ என்ற கேள்வி எப்போது வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1987 நவம்பர் முதல் ஃபெடரல் நீதிபதிகளைத் தண்டனை வழிகாட்டி நெறிகள் கட்டுப்படுத்திவந்தன. 2005 ஜனவரி 12 அன்று புக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. நெறிகள் ஆலோசனையாகத் தொடரும். தண்டனை நியாயமானதா என்பதை மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க்கும் என்றாயிற்று. 2007இல் வந்த ‘கால்’ வழக்கின் தீர்ப்பு அந்தப் பார்வையை இரண்டு படிகளாகப் பிரித்தது. முதற்படியில் நடைமுறை பார்க்கப்படும். நெறிகளைக் கணக்கிட்டதில் தவறு, அவற்றைக் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டது, சட்டம் சொல்லும் காரணிகளைக் கருதாமல் விட்டது, தவறான செய்திகளின்மேல் தண்டனையைக் கட்டியது, போதிய விளக்கம் தராதது ஆகியவை இங்கே வரும். இவற்றில் குறையில்லை என்றால் இரண்டாம் படி: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் இத்தனை மாதம் என்பது அளவு மீறியதா? இரண்டு படிகளிலும் பொதுவான கேள்வி, கீழ்நீதிபதி தம் விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்பதே.

நம் குற்றவியல் நடைமுறையில் மேல்முறையீட்டு நீதிமன்றமே கூடுதல் சாட்சியம் எடுக்க இடம் உண்டு. அங்கே இந்த வகை வழக்கில் அதை நினைக்கவே வேண்டியதில்லை. கீழ்நீதிமன்றத்தின் பதிவில் இருப்பது மட்டுமே மேலே போகும். நல்ல வழக்கறிஞர் மேல்முறையீட்டைத் தண்டனை நாளுக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே, முதல் ஆவணம் கைக்கு வந்த அன்றே கட்டத் தொடங்குகிறார்.

அந்த முதல் ஆவணம் தண்டனைக்கு முந்தைய அறிக்கை. நீதிமன்றத்தின் நன்னடத்தை அலுவலர் அதைத் தயாரிக்கிறார். ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதிகளில் 32ஆம் விதிப்படி, தண்டனை நாளுக்குக் குறைந்தது 35 நாள் முன்பு அது இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும். கிடைத்த 14 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். ஆட்சேபங்களுக்கான பதிலை இணைத்த திருத்தப் பிரதி, தண்டனை நாளுக்கு 7 நாள் முன்பாவது நீதிபதியின் மேசையில் இருக்க வேண்டும். அறிக்கை பொதுப் பார்வைக்கு வராது, முத்திரையிட்டே வைக்கப்படும்.

அறிக்கையில் வழக்கறிஞர் தேடுவது இரண்டு எண்கள். ஒன்று குற்ற நிலை, மற்றொன்று குற்ற வரலாற்று வகை. வழிகாட்டி நூலின் தண்டனை அட்டவணையில் நிலைகள் 43 வரிசை, வகைகள் 6 நெடுவரிசை. வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் கட்டத்தில் மாத வரம்பு அச்சிடப்பட்டிருக்கும்.

மீள்நுழைவுக் குற்றத்துக்கு 2016 நவம்பர் 1 முதல் நடப்பிலுள்ள கணக்கில் தொடக்க நிலை 8. இதே குற்றத்துக்காக முன்பே ஒருமுறை பெருங்குற்றத் தண்டனை பெற்றிருந்தால் 4 கூடும். முதல் வெளியேற்ற ஆணைக்கு முன் செய்த வேறொரு பெருங்குற்றம் இருந்தால், அதற்குக் கிடைத்த சிறைக்காலத்தைப் பார்க்க வேண்டும். 5 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 10, 2 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 8, 13 மாதத்தைத் தாண்டினால் 6, மற்றவற்றுக்கு 4. வெளியேற்ற ஆணைக்குப் பின் செய்த குற்றங்களுக்கும் இதேபோல் தனிப் படிக்கட்டு உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு 2 கழியும். கழிப்பதற்கு முன் நிலை 16ஐ எட்டியிருந்து, அரசுத் தரப்பும் கோரினால், இன்னும் 1 கழியும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆள் கற்பனை, எண்கள் நூலில் உள்ளவை. அவர் 12 ஆண்டுக்கு முன் போதைப்பொருள் விற்றதற்காக 30 மாதம் சிறை பெற்றார். பிறகு முதல்முறையாக வெளியேற்றப்பட்டார். திரும்பி வந்து பிடிபட்டு, மீள்நுழைவுக்காக 14 மாதம் பெற்றார், மறுபடி வெளியேற்றப்பட்டார். இப்போது மூன்றாம் முறை உள்ளே வந்து பிடிபட்டிருக்கிறார். 8, அதனுடன் 4, அதனுடன் 8 என்று மொத்தம் 20. ஒப்புக்கொண்டதற்கு 3 கழிய, நிலை 17. குற்ற வரலாற்றில், 13 மாதத்தைத் தாண்டிய ஒவ்வொரு தண்டனைக்கும் 3 புள்ளி. ஆக 6 புள்ளி. 4 முதல் 6 வரை மூன்றாம் வகை. அட்டவணையில் 17ஆம் வரிசையும் மூன்றாம் நெடுவரிசையும் சந்திக்கும் கட்டத்தில் 30 முதல் 37 மாதம் என்றிருக்கும்.

இதே ஆளுக்கு, 13 ஆண்டுக்கு முன் ஒரு சில்லறைத் திருட்டுக்காக 45 நாள் சிறை கிடைத்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். 60 நாளுக்குக் குறைந்த தண்டனைக்கு 1 புள்ளி உண்டு. ஆனால் இப்போதைய குற்றம் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி 10 ஆண்டுக்குள் விதிக்கப்பட்டிருந்தால்தான் அது சேரும். 3 புள்ளித் தண்டனைகளுக்கு மட்டும் 15 ஆண்டு கெடு. இந்தத் திருட்டு கெடு தாண்டியது. அதற்கு எதிரே சுழியம் இருக்க வேண்டும். அறிக்கை எழுதியவர் 1 என்று போட்டுவிட்டால் மொத்தம் 7 ஆகிறது. ஆள் நான்காம் வகைக்கு நகர்ந்துவிடுகிறார். 17ஆம் வரிசையில் அடுத்த கட்டம் 37 முதல் 46 மாதம். ஒற்றைப் புள்ளி, வரம்பின் அடிமட்டத்தில் 7 மாதத்தை ஏற்றிவிட்டது.

இது கற்பனைக்கு மட்டும் வரும் தவறன்று. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரொசாலஸ்-மிரேலஸ் வழக்கும் மீள்நுழைவு வழக்குதான். டெக்சாஸில் நடந்த ஒரே தாக்குதல் குற்றத்தை அறிக்கை இரண்டு முறை எண்ணியிருந்தது. 70 முதல் 87 மாதம் என்றிருக்க வேண்டிய வரம்பு 77 முதல் 96 ஆகிவிட்டது. 78 மாதம் விதிக்கப்பட்டது. அறிக்கை எழுதியவரும் நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் அந்த இரட்டை எண்ணிக்கையைத் தாண்டியே போயிருந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தொழிலில் மிக உயர்ந்த திறமை வாதத் திறமை அன்று; பழைய தீர்ப்பு நகல்களை வரவழைத்து, கைது நாள், தீர்ப்பு நாள், சிறைக்காலம் மூன்றையும் அறிக்கையின் ஒவ்வொரு பத்தியோடும் ஒப்பிடும் பொறுமை.

தவறு கண்டால் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சேபம் தாக்கலாகிறது. ‘வரம்பு அதிகம்’ என்று பொதுப்படச் சொன்னால் அது ஆட்சேபமாகாது. எந்தப் பத்தி, எந்த விதி, சரியான எண் எது, அதனால் வரம்பு எப்படி மாறும் என்ற நான்கும் இருக்க வேண்டும்.

இதோடு தண்டனைக் கோரிக்கை மனு ஒன்றும் தனியே எழுதப்படுகிறது. பதினெட்டாம் தலைப்பின் 3553(ஏ) பிரிவு நீதிபதிக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது: தண்டனையின் நோக்கங்களுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் இருக்கக் கூடாது. குற்றத்தின் தன்மை, ஆளின் வரலாறு, தடுப்புத் தேவை, ஒரே மாதிரியான வழக்குகளுக்கிடையே வேறுபாடு வராமல் காப்பது ஆகியவை காரணிகள். மீள்நுழைவு வழக்குகளில் மனுவுக்கு வரும் சரக்கு ஏறத்தாழ நிலையானது. பழைய குற்றம் பல ஆண்டு பழையது. அதே குற்றம் குற்ற நிலையையும் ஏற்றுகிறது, வரலாற்றுப் புள்ளியையும் ஏற்றுகிறது, சட்டத்தின் உச்சத் தண்டனையையும் ஏற்றுகிறது. திரும்பி வந்த காரணம் பிள்ளைகள், நோயுற்ற தாய், பிறந்த ஊரில் உயிருக்கு அச்சம். குழந்தையாக வந்து அமெரிக்காவிலேயே வளர்ந்தவர். சரக்கு பழகியது என்பதால் கைவேலை ஆதாரத்தில் தெரிகிறது. மருத்துவச் சான்று, பள்ளிப் பதிவேடு, முதலாளியின் கடிதம் எல்லாம் இணைப்பாக உள்ளே போக வேண்டும். இன்று சேர்க்காத தாள் நாளை மேல்நீதிமன்றத்தில் கிடையாது. மனுவின் இறுதியில் ஓர் எண் நிற்க வேண்டும். நம் மாதிரி வழக்கில் 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம்.

தண்டனை நாள். எளிய வழக்குகளில் எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் குற்றவாளியின் காதில் பொருத்திய கருவி வழியாகப் பேசுகிறார். அறிக்கையைப் படித்தீர்களா, வழக்கறிஞரோடு பேசினீர்களா என்று நீதிபதி கேட்டு உறுதிசெய்கிறார். ஆட்சேபங்களின்மேல் முடிவு சொல்கிறார். வழக்கறிஞர், குற்றவாளி, அரசுத் தரப்பு ஆகியோர் பேச வாய்ப்பளிக்கிறார். குற்றவாளிக்கே நேரில் பேச உரிமை உண்டு; அதைக் கேட்காமல் விட்டால் அதுவே தனிப் பிழை. பிறகு தண்டனையும் அதற்கான காரணமும் திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்படுகின்றன. நம் மாதிரியில் ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டு, 37–46 வரம்புக்குள் 42 மாதம் விதிக்கப்படுகிறது.

அடுத்த அரை நிமிடத்தில் வழக்கறிஞர் எழுந்து இப்படிச் சொல்கிறார்: “வரலாற்றுப் புள்ளி குறித்த எழுத்து ஆட்சேபத்தைத் தொடர்கிறோம். குறைவான தண்டனைக்கு நாங்கள் முன்வைத்த காரணங்களுக்கு விளக்கம் தரப்படவில்லை என்றும், 42 மாதம் 3553(ஏ) பிரிவின் தேவைக்கு மிகுதி என்றும் ஆட்சேபிக்கிறோம்.” மூன்று துண்டுகளும் மூன்று தனிப் பூட்டுகளைத் திறப்பவை. 2020 பிப்ரவரி வரை ஐந்தாம் சர்க்யூட்டில் கடைசித் துண்டு கட்டாயமாக இருந்தது. தண்டனை சொல்லி முடித்தபின் ‘நியாயமற்றது’ என்று தனியே ஆட்சேபிக்காதவரின் மேல்முறையீடு மிகக் கடுமையான அளவுகோலில் விழும். ஒல்கின்-எர்னாண்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. குறைந்த தண்டனை கேட்டு வாதாடியதே போதும். அந்தச் சொல்லை உச்சரிக்க வேண்டியதில்லை என்றது. ஆனால் நடைமுறைப் பிழைகளைக் காக்க எது போதும் என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. எனவே முதல் இரண்டு துண்டுகளை இன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். கவனமானவர்கள் மூன்றையுமே சொல்கிறார்கள். அதற்கு ஒரு மூச்சுக்கு மேல் செலவில்லை.

தீர்ப்பு எழுத்தில் பதிவாகும் நாளிலிருந்து 14 நாள். அதற்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் தாக்கலாக வேண்டும். 2009 டிசம்பருக்கு முன் இது 10 நாளாக இருந்தது. அறிவிப்பு ஒரே பக்கம்: யார், எந்தத் தீர்ப்பை, எந்த நீதிமன்றத்துக்கு என்ற மூன்றும் போதும். காரணம் எதுவும் எழுதத் தேவையில்லை. கெடு தவறினால், தகுந்த காரணம் காட்டி மேலும் 30 நாள் வரை நீட்டிப்புக் கேட்கலாம். ஒப்பந்தம் போட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் பலர் மேல்முறையீட்டு உரிமையை அதிலேயே எழுதிக் கொடுத்திருப்பார்கள். இதை அறிந்த பாதுகாப்பு வழக்கறிஞர்கள், ஒப்பந்தத்தால் பெரிய ஆதாயம் இல்லாத மீள்நுழைவு வழக்குகளில், ஒப்பந்தமே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதுண்டு. உரிமையைக் கைவிட்டிருந்தாலும், கட்சிக்காரர் கேட்டால் அறிவிப்பைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்று 2019இல் கார்சா வழக்கு சொல்லிவிட்டது.

அறிவிப்புக்குப் பின் 14 நாளுக்குள் சுருக்கெழுத்தரிடம் பதிவெழுத்து கேட்கப்படுகிறது. ஏழைக் கட்சிக்காரருக்கு அதன் செலவை அரசு ஏற்கும். குற்றத்தை ஒப்புக்கொண்ட நாள், தண்டனை நாள் ஆகிய இரண்டின் பதிவெழுத்தும் வேண்டும். எல்லாத் தாள்களும் வந்ததும் மாவட்ட நீதிமன்றம் முதல் பக்கத்திலிருந்து தொடர் எண் இட்டு மின்பதிவாக மேலே அனுப்புகிறது. ஐந்தாம் சர்க்யூட்டில் ஒவ்வொரு செய்திக்கும் அருகில் ‘ஆர்.ஓ.ஏ.’ (மேல்முறையீட்டுப் பதிவு) என்று எழுதிப் பக்க எண் இட வேண்டும். பக்க எண் இல்லாத வாக்கியம் மேல்நீதிமன்றத்துக்கு எழுதும் வாதுரையில் நிற்காது.

பதிவு வந்து சேர்ந்த நாளிலிருந்து வாதுரைக்கு 40 நாள். இங்கேதான் மேல்முறையீட்டு வழக்கறிஞர் அதிக நேரம் செலவிடுகிறார். அதில் பெரும்பகுதி எழுதுவதற்கு முன்பே போய்விடும். ஒவ்வொரு குறைக்கும் எந்த அளவுகோல் என்று முதலில் பிரித்துக்கொள்கிறார். வழிகாட்டி நெறிக்குப் பொருள் கொள்வதில் பிழை என்றால் மேல்நீதிமன்றம் கீழ்நீதிபதிக்குச் சலுகை காட்டாமல் புதிதாகப் பார்க்கும். செய்தியில் பிழை என்றால், அது தெளிவாகத் தவறாக இருந்தால்தான் தலையிடும். தண்டனையின் மொத்த அளவு என்றால் விருப்புரிமை அளவுகோல். கீழே ஆட்சேபிக்காமல் விட்டது என்றால் வெளிப்படையான பிழை என்ற அளவுகோல்: பிழை இருக்க வேண்டும், ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும், ஆளின் உரிமையைப் பாதித்திருக்க வேண்டும், நீதிமன்றத்தின் நேர்மைக்கும் மதிப்புக்கும் ஊறு விளைப்பதாக இருக்க வேண்டும். தங்கம் நிறுக்கும் தராசில் நெல் மூட்டையை ஏற்றிப் பயனில்லை. வாதத்தின் எடைக்கேற்ற தராசைத் தேர்ந்த பிறகே வரிசை அமைகிறது.

கணக்கீட்டுப் பிழை இருந்தால் அதுவே முதல் இடம் பெறும். வரம்பே தவறு என்று நிறுவிவிட்டால், அந்த வரம்புக்குள் விதித்த தண்டனை பெரும்பாலும் தானே சரியும். 2016இல் மோலினா-மார்டினெஸ் வழக்கில், அதுவும் மீள்நுழைவு வழக்குதான், உச்ச நீதிமன்றம் இதை ஆட்சேபிக்காத பிழைக்கும் நீட்டியது. தவறான வரம்பிலிருந்து தொடங்கியதே பாதிப்புக்குப் பெரும்பாலான வழக்குகளில் போதிய சான்று. சரியான வரம்பாக இருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்று வேறு சான்று தேடத் தேவையில்லை என்றது. அங்கும் சரியான வரம்பு 70–87, தவறானது 77–96. விதிக்கப்பட்டது 77, அதாவது தவறான வரம்பின் அடிமட்டம். நீதிபதியின் பேனா வரம்பின் கோட்டில் சரியாக நின்றது என்பதே ஆதாரமாகிவிட்டது. நான்காவது நிபந்தனைக்கு ஐந்தாம் சர்க்யூட் தனியே உயர்த்தி வைத்திருந்த வேலியை 2018இல் ரொசாலஸ்-மிரேலஸ் தகர்த்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோட்டோமேயர். 7க்கு 2 என்ற கணக்கு.

அடுத்தது விளக்கக் குறை. வரம்புக்குள் விதித்த தண்டனைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஆனால் முன்வைத்த வாதத்தை நீதிபதி செவிமடுத்தார் என்று பதிவில் தெரிய வேண்டும்.

கடைசியாக, அளவே மிகுதி என்னும் வாதம். இதுதான் ‘நியாயமற்ற தண்டனை’ என்று எல்லோரும் சொல்லும் பொருள்; வெல்வதற்கு மிக அரிதானதும் இதுவே. 2007இல் ரீட்டா வழக்கு தந்த அனுமதிப்படி, வரம்புக்குள் இருக்கும் தண்டனை நியாயமானது என்ற முன்னனுமானத்தை ஐந்தாம் சர்க்யூட் வைத்திருக்கிறது. அதை உடைக்க மூன்று வழிகளை மட்டுமே அந்த நீதிமன்றம் திறந்து வைத்திருக்கிறது. கனம் தரவேண்டிய காரணிக்கு நீதிபதி இடமே தரவில்லை. பொருத்தமற்ற ஒன்றுக்குக் கனம் தந்தார். அல்லது காரணிகளை எடைபோட்டதில் தெளிவாகத் தவறினார். திறமையான வாதுரை இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, பதிவெழுத்தில் நீதிபதியின் சொற்களையே எடுத்து அதில் பொருத்துகிறது. வெறும் இரக்கம் மூன்றில் எதிலும் பொருந்தாது.

ஒன்பதாம் சர்க்யூட் அந்த முன்னனுமானத்தை ஏற்கவில்லை. 2009இல் அங்கே அமெஸ்குவா-வாஸ்கெஸ் என்ற மீள்நுழைவு வழக்கு வந்தது. கணக்கில் பிழையில்லை, 46–57 வரம்பில் 52 மாதம். ஆனால் அந்த வரம்பை அவ்வளவு உயர்த்தியது 25 ஆண்டுப் பழைய குற்றம். அக்காலத்து நெறி, எவ்வளவு பழையது என்று பாராமல், சில வகைக் குற்றங்களுக்கு 16 நிலைகளை ஒரே தாவலில் ஏற்றியது. பழமையைக் கருதாமல் அந்த ஏற்றத்தை முழுதாகப் பயன்படுத்தியது நியாயமற்றது என்று தண்டனை ரத்தானது. ஐந்தாம் சர்க்யூட்டோ, 16 நிலை ஏற்றத்துக்கு ஆய்வு அடிப்படை இல்லை என்ற வாதத்தை அதே ஆண்டில் தள்ளியது. 2016 திருத்தத்தில் அந்த ஏற்றமே போய்விட்டது. வரலாற்றுப் புள்ளி பெறும் குற்றங்கள் மட்டுமே இப்போது நிலையை ஏற்றும். நீதிமன்றங்கள் தயங்கிய இடத்தை நெறிநூலே சரிசெய்தது. ஆகவே இன்றைய வாதுரையில் பழமை வாதத்துக்கு முன்போல வேகம் இல்லை.

2 ஆண்டுக்கு மேற்பட்ட தண்டனை என்றால் வாதுரையின் கடைசியில் ஒரு சிறு பகுதி தவறாமல் இருக்கும். பழைய குற்றத்தை ஜூரியின் முன் மெய்ப்பிக்காமலே உச்சத் தண்டனையை உயர்த்தலாம் என்ற 1998ஆம் ஆண்டின் அல்மெண்டாரெஸ்-டொரெஸ் தீர்ப்பு தவறு என்னும் வாதம் அது. முன்தீர்ப்பு இருப்பதால் இந்த நீதிமன்றத்தில் தோற்கும் என்று வாதுரையே ஒப்புக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் என்றாவது மனம் மாறினால் இந்த ஆளுக்கும் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறார்கள். இரண்டு பத்தியில் முடியும் இந்த முன்யோசனையை நான் ரசிக்கிறேன்.

வடிவமும் விதிக்குட்பட்டது. எழுத்து 14 புள்ளி, இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம். 13,000 சொல்லுக்குமேல் போகக் கூடாது. எண்ணிக்கையைச் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும். தொடர்புடையோர் பட்டியல், வாய்மொழி வாதம் வேண்டுமா என்ற கூற்று, பொருளடக்கம், மேற்கோள் வழக்குகளின் அகரவரிசை, அதிகார வரம்பு, தீர்க்க வேண்டிய கேள்விகள், வழக்கின் கதை, வாதச் சுருக்கம், வாதம், முடிவு என்று வரிசை மாறாது. அச்சுப் பிரதிக்கு நீல அட்டை. பதிலளிக்கும் அரசுத் தரப்புக்கு 30 நாள், சிவப்பு அட்டை. அதற்கு மறுமொழிக்கு 21 நாள், 6,500 சொல், சாம்பல் அட்டை. பொருட்படுத்தத்தக்க வாதம் எதுவுமே இல்லை என்று மனச்சாட்சிப்படி கருதும் வழக்கறிஞர், 1967ஆம் ஆண்டின் ஆண்டர்ஸ் தீர்ப்பு வகுத்த முறையில் பதிவு முழுவதையும் அலசி எழுதி, விலக அனுமதி கேட்கலாம்.

அரசுத் தரப்பின் பதிலில் எதிர்பார்க்க வேண்டியது ஒரு வாக்கியம். சில நீதிபதிகள் தண்டனை சொல்லும்போதே, ‘கணக்கில் நான் தவறியிருந்தாலும் இதே தண்டனையைத்தான் விதிப்பேன்’ என்று சேர்த்துவிடுவார்கள். அது பதிவில் இருந்தால், பிழையால் தீங்கில்லை என்று அரசு வாதிடும். மறுமொழியின் பெரும்பகுதி அந்த வாக்கியத்தைச் சுற்றியே போகும். நீதிபதி சரியான வரம்பை ஒருமுறையாவது கண்ணால் பார்த்தாரா, விதித்த எண் தவறான வரம்பிலிருந்து பிறந்ததா என்று பதிவெழுத்தின் வரிகளை எடுத்து வைக்க வேண்டும்.

பிறகு மூன்று நீதிபதிகள் அமர்வு. இவ்வகை வழக்குகள் பெரும்பாலும் சுருக்கப் பட்டியலுக்குப் போகும். வாய்மொழி வாதம் இல்லாமல் தாளைப் பார்த்தே தீர்ப்பு வரும். பல தீர்ப்புகள் எழுதியவர் பெயரின்றி இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். முறையிட்டவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அரசு தனியே மேல்முறையீடு செய்யாதவரை, மேல்நீதிமன்றம் தானாகத் தண்டனையைக் கூட்ட முடியாது என்று 2008இல் கிரீன்லா வழக்கு சொல்லியிருக்கிறது. தோற்றால் 14 நாளுக்குள் மறுவிசாரணை கோரலாம். உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள்.

காலம் இந்த இயந்திரத்தின் பலவீனமான பாகம். கெடுக்களை மட்டும் கூட்டினாலே பல மாதம். நீட்டிப்புகளோடு ஓராண்டு எளிதில் போகும். 12 மாதத் தண்டனை பெற்றவர் அதற்குள் வெளியே வந்து நாடு கடத்தப்பட்டிருப்பார்; கழிந்த சிறைக்காலத்தைக் குறைக்கும் வாதத்துக்குப் பொருளில்லாமல் போகும். சிறைக்குப் பின் வரும் மேற்பார்வையுடன் கூடிய விடுதலைக் காலம் மீதமிருந்தால் மட்டும், ஆள் நாட்டில் இல்லாவிட்டாலும், அதை எதிர்க்கும் முறையீடு உயிரோடிருக்கும் என்று 2016இல் ஐந்தாம் சர்க்யூட்டின் முழு அமர்வு முடிவு செய்தது. ஆகவே குறுகிய தண்டனைகளில் விரைவு விசாரணை கோரும் மனுவை வாதுரையோடு சேர்த்தே அனுப்புகிறார்கள்.

நம் மாதிரி வழக்கில் புள்ளி ஆட்சேபம் வென்றது என்று கொள்வோம். தண்டனை ரத்தாகி வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத் திரும்புகிறது. கைதி சிறையிலிருந்து அழைத்து வரப்படுகிறார். அறிக்கை திருத்தப்பட்டு, வரம்பு 30–37 என்று புதிதாக எழுதப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் சிறையில் அவர் படித்த வகுப்பு, செய்த வேலை, ஒழுங்கு ஆகியவற்றையும் நீதிபதி கருதலாம் என்று 2011இல் பெப்பர் வழக்கு அனுமதித்திருக்கிறது. சான்றிதழ்களைத் திரட்டித் தாக்கல் செய்வது இப்போது வழக்கறிஞரின் வேலை. 33 மாதம் விதிக்கப்படுகிறது என்றால், திருத்திய தீர்ப்பு டெக்சாஸின் கிராண்ட் பிரெய்ரியில் உள்ள சிறைத்துறைக் கணக்கீட்டு மையத்துக்குப் போகும். காவலில் இருந்த நாள்கள் கழிக்கப்படும். நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை கழிக்கப்படும். புதிய விடுதலை நாள் குறிக்கப்பட்டு, அன்று அவரைப் பெற்றுக்கொள்ளக் காத்திருக்கும் குடியேற்றத் துறைக்கும் தெரிவிக்கப்படும்.